யாழினியின் சுகர் கிளைடர் ஆசை

ஹூஸ்டன்

அன்புள்ள தேன்மொழி,

உன் கடிதம் கிடைத்தது. ஆகஸ்டில் ஆஸ்டினுக்குக் குடிவருகிறீர்கள் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு உன் வீட்டில் இருப்பேன். அம்மாவின் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. மாடிப்படி ஏற அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே எல்லோரும் நலம்.

சரி, யாழினி விஷயத்துக்கு வருகிறேன். சுகர் கிளைடர், அதுதான் மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் பாயும் அந்தக் குட்டிப் பைப்பிராணி, அதை கலிபோர்னியாவில் வளர்க்கத் தடை என்பதால், டெக்சாஸ் வந்த கையோடு வாங்கித் தரச் சொல்கிறாளாமே. எங்கள் வீட்டுக் கிளைடர்கள் பொரியையும் எள்ளுவையும் வீடியோவில் பார்த்து வந்த ஆசையாகத்தான் இருக்கும். தாராளமாக வாங்கு. ஆனால் ஒன்றை மட்டும் வாங்காதே. காட்டில் ஒரே மரப்பொந்தில் கூட்டமாகச் சுருண்டு தூங்கும் ஜீவன் அது. தனியாக விட்டால் ஏங்கிப்போய்த் தன் வாலையும் தோலையும் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். இரண்டு வாங்க முடியாதென்றால் வாங்காமலே இருந்துவிடு. ஆணும் பெண்ணுமாக வாங்கினால் ஆணுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷம் உயிரோடு இருக்கும். யாழினி காலேஜுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளப்போவது நீதான், அதையும் யோசி.

கூண்டு உயரமாக இருக்க வேண்டும். ஜோடிக்கு இரண்டடிக்கு இரண்டடி, மூன்றடி உயரம் என்பதே குறைந்தபட்சம். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, நுழைந்து வெளியே வந்துவிடும். பகலெல்லாம் தூங்க ஃப்ளீஸ் துணிப்பை ஒன்று தொங்கவிடு. நூல் பிரிகிற துணி வேண்டாம், நகம் மாட்டிக்கொள்ளும். ஓடும் சக்கரத்தில் நடு அச்சு இருந்தால் வால் சிக்கும். ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் கூண்டை வைக்காதே. 75 முதல் 80 டிகிரி பாரன்ஹீட் இருந்தால் சுகமாக இருக்கும், ரொம்பக் குளிர்ந்தால் மரத்துப்போய் அசையாமல் கிடக்கும். பெட்ரூமும் வேண்டாம். நடுராத்திரியில் நாய்க்குட்டி போலக் குரைக்கும்! அப்புறம், வெளியே விளையாட விடும்போது டாய்லெட் மூடியை மூடியே வை. அதில் விழுந்து மூழ்கிச் செத்த கிளைடர்கள் உண்டு.

இதையெல்லாம் ஒரு நாளில் செய்து முடித்துவிடலாம். தினமும் கவனம் தேவைப்படுவது சாப்பாட்டுக்குத்தான். விற்கிறவர்கள் பழமும் பெல்லட் என்கிற உருண்டைத் தீனியும் போதும் என்பார்கள். போதவே போதாது. ஆஸ்திரேலியா, நியூகினி காடுகளில் இது வேல மரத்துப் பிசின், யூகலிப்டஸ் சாறு, பூந்தேன், பூச்சி என்று தின்று வாழ்கிறது. நாம் கொடுக்கும் பழங்கள் பலவற்றிலும் மீல்வார்ம் புழுவிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. பற்றாக்குறையை உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். முதலில் பின்னங்கால் நடுங்கும், பிறகு இழுத்துக்கொண்டு நகரும். ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு இரண்டு பங்கு வரை கால்சியம் சேர வேண்டும்.

நான் செய்வது லெட்பீட்டர் கலவை. 150 மில்லி வெந்நீரில் 150 மில்லி தேனைக் கரைத்து, ஓடு நீக்கிய அவித்த முட்டை ஒன்று, குழந்தைகளுக்கான புரதச் சத்துள்ள சீரியல் 25 கிராம், டாக்டர் சொன்ன வைட்டமின், கால்சியம் பொடி எல்லாம் போட்டு மிக்ஸியில் அடித்து, ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்துவிடுவேன். சாயங்காலம் தேவையானதை எடுத்து உருக வைத்தால் போதும். சாப்பாட்டில் பாதி இது, மீதி பூச்சி தின்னும் பிராணிகளுக்கான தீனி. மேலே கொஞ்சம் பழம், காய், ஒன்றிரண்டு புழு. நூற்றுச் சொச்சம் கிராம் எடையுள்ள உடம்பு, ஒரு நாளைக்கு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சாப்பாடு வேண்டாம்.

எள்ளு பப்பாளித் துண்டை இரு கைகளாலும் பிடித்து, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, சக்கையைத் துப்பும். காலையில் பார்த்தால் கூண்டு, பக்கத்துச் சுவர் எல்லாம் காய்ந்த சக்கை ஒட்டியிருக்கும். அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும், விட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

சாக்லேட், வெங்காயம், பூண்டு, அவகாடோ கிட்டேயே போகக் கூடாது. அம்மா பாசத்தில் பிஸ்கட், முறுக்கு என்று ஏதாவது நீட்டுவார், இப்போதே சொல்லி வை.

நாய், பூனை பார்க்கும் எல்லா டாக்டர்களும் இதைப் பார்ப்பதில்லை. ஆஸ்டினில் யார் பார்க்கிறார்கள் என்று எங்கள் டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன், அது தெரியாமல் வாங்க வேண்டாம். ஸ்கூல் திறப்பதற்கு முன் யாழினியை ஒரு வாரம் இங்கே அனுப்பு. ராத்திரித் தீனி, காலைத் துடைப்பு எல்லாம் அவளே செய்து பார்க்கட்டும். அப்போதும் வேண்டும் என்றால், ஜோடியைத் தேடிப் பிடிக்க நானே உன்னோடு வருகிறேன்.

வீடு பார்த்துவிட்டீர்களா? பதில் போடு.

அன்புடன்,
கலைச்செல்வி