திருச்சி டவுன் பஸ்ஸின் இடைவெளி: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
பொது மேலாளர், தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (கும்பகோணம்), திருச்சி மண்டலம்
ஆணையர், திருச்சிராப்பள்ளி மாநகராட்சி
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் மற்றும் மாநகரப் போக்குவரத்துக் காவல் பிரிவு

வணக்கம்.

பஞ்சப்பூர் பேருந்து முனையம் 2025 மே 9 அன்று திறக்கப்பட்டு, ஜூலை 16 முதல் பயன்பாட்டுக்கு வந்தது. அதோடு இந்த ஊரின் பயணக் கணக்கே மாறிவிட்டது. முன்பு மதுரையிலிருந்து வருகிறவர் மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கினால் பாதி ஊர் நடை தூரத்தில் இருக்கும். இப்போது பஞ்சப்பூரில் இறங்கி, பெட்டி படுக்கையோடு இன்னொரு டவுன் பஸ் ஏறியாக வேண்டும். சத்திரம் பேருந்து நிலையம் போகவும், ஸ்ரீரங்கம் போகவும், புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போகவும் டவுன் பஸ்தான் வழி. வெளியூர் பஸ் அரை மணி தாமதமானால் சனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். அதன் பிறகு டவுன் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் நிற்க வேண்டுமென்றால் ஆட்டோவைக் கூப்பிடுவார்கள், அடுத்த மாதம் தவணையில் ஸ்கூட்டர் வாங்குவார்கள். அப்படிப் போனவர் மறுபடி பஸ்ஸுக்கு வருவது அபூர்வம்.

கூடுதல் பஸ் விடுங்கள் என்ற கோரிக்கை உங்கள் மேசையில் ஏற்கெனவே நிறைய இருக்கும். அதையே நாங்களும் எழுதப்போவதில்லை. இருக்கிற பஸ்களின் இடைவெளியை ஒழுங்காக்குங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். பஸ் நேரம் போடுகிற வேலையும் சாலையில் அது குலைந்துபோகிற விதமும் தெரிந்தவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

மணிக்கு ஆறு பஸ் ஓடும் ஒரு தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே ஆறு பஸ் 18 நிமிடம், 2 நிமிடம் என்று மாறி மாறி வந்தால் சராசரிக் காத்திருப்பு 8 நிமிடம் 12 விநாடி. பதிவேட்டில் இரண்டும் ஒன்றுதான்: ஆறு நடை, நூறு சதவீதம் நிறைவேறியது. நிறுத்தத்தில் நிற்பவருக்கு ஒன்றல்ல. பெரும்பாலானவர்கள் வருவது அந்த நீண்ட 18 நிமிடத்துக்குள்தான் என்பதால் அவர்கள் எல்லோரும் முதல் பஸ்ஸில்தான் தொங்குகிறார்கள். இரண்டு நிமிடம் கழித்து அடுத்தது காலியாக வருகிறது.

இது ஓட்டுநர்களின் சோம்பலால் நடப்பது என்று நினைப்பது தவறு. பாலக்கரையில் லாரி திரும்பியதில் ஒரு பஸ் 4 நிமிடம் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். இப்போது அதற்கு முன்னால் 14 நிமிட இடைவெளி, பின்னால் 6 நிமிடம். மீதித் தடத்தில் நிமிடத்துக்கு நான்கு பேர் சேர்கிறார்கள் என்றால், இந்த பஸ்ஸில் 56 பேர் ஏற வேண்டும். பின்னால் வருவதில் 24 பேர். ஒருவர் படியேற இரண்டரை விநாடி என்றால் முன்னதற்கு 140 விநாடி போகும், பின்னதற்கு 60 விநாடி. உயரப் படி, கையில் பை, வயதானவர்கள் என்றால் இன்னும் கூடும். ஆக ஏற்றும் நேரத்திலேயே மேலும் 80 விநாடி இழந்து, பின் வண்டி இன்னும் நெருங்கும்; இப்படியே போனால் கடைசியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு சிறு தாமதம் தானாகவே வளர்கிறது. யாராவது இடையில் கை வைத்தால் ஒழிய அது குறையாது.

கை வைக்க வேண்டிய முதல் இடம் அட்டவணை. பஞ்சப்பூர் – ஸ்ரீரங்கம் போன்ற ஒரு தடத்துக்கு ஒரு பக்கம் 50 நிமிட ஓட்டம், இரு முனையிலும் பத்துப் பத்து நிமிட ஓய்வு என்று எழுதினால் ஒரு சுற்று 120 நிமிடம். 12 பஸ் இருந்தால் பத்து நிமிட இடைவெளி கிடைக்கும். காகிதத்தில் அழகுதான். ஆனால் காலை எட்டரைக்கு மெயின்கார்டுகேட்டையும் காவிரிப் பாலத்தையும் தாண்டி அதே தூரத்துக்கு 60 நிமிடம் ஆகிறதென்றால் அந்த 120 நிமிடத்தில் ஓய்வே இல்லை. முதல் நடையில் வந்த தாமதம் மதியம் வரை கூடவே வரும். ஓட்டுநர் சிறுநீர் கழிக்கப் போனாலே மூன்று நிமிடம் லேட். லேட்டை ஈடுகட்ட அவர் ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதிப்பார், கே.எம்.பி.எல். (லிட்டருக்கு ஓடும் கிலோமீட்டர்) விழும், பிரேக் லைனர் தேயும். பிறகு அவருக்கே மெமோ போகும்.

அந்த நேரத்துக்கு அதே 12 பஸ்ஸை வைத்து, 12 நிமிட இடைவெளி என்று நேர்மையாக எழுதுங்கள். சுற்று 144 நிமிடம்: இரு பக்கமும் 60 நிமிட ஓட்டம், இரு முனையிலும் 12 நிமிட ஓய்வு. பத்து நிமிடம் என்று எழுதிவிட்டு இரண்டும் பதினெட்டுமாக ஓட்டுவதைவிட, உண்மையிலேயே பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று வருவது பயணிக்கு லாபம். சராசரிக் காத்திருப்பு 6 நிமிடம்தான். ஒரே ஓட்ட நேரத்தை நாள் முழுக்கப் போடாமல் விடியற்காலை, பள்ளி நேரம், நடுப்பகல், மாலை, இரவு என்று ஐந்தாகப் பிரித்துப் போட வேண்டும். விடியற்காலையில் அதே தூரத்தை 40 நிமிடத்தில் ஓட முடியும். அப்போது 50 கொடுத்தால் பஸ் நிறுத்தத்துக்கு நிறுத்தம் உருட்டிக்கொண்டு போகும். அதுவும் பயணியைத்தான் பாதிக்கும்.

ஓட்ட நேரத்தை எங்கிருந்து எடுப்பது? கண்டக்டரின் டிக்கெட் மெஷினிலேயே இருக்கிறது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஸ்டேஜும் (கட்டணம் கணக்கிடும் நிறுத்தம்) நேரமும் பதிவாகின்றன. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தாலும், அவர்களுக்கும் சீட்டு கிழிக்கப்படுகிறது; எனவே அவர்கள் எங்கே எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்ற கணக்கும் கிடைக்கும். இதில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். கூட்டத்தில் கண்டக்டர் டிக்கெட் போட்டு முடிப்பதற்குள் பஸ் ஒரு ஸ்டேஜ் தாண்டியிருக்கும். அதனால் நெரிசல் உண்மையில் தொடங்கிய இடத்துக்கு ஒரு ஸ்டேஜ் தள்ளித் தெரியும். மாணவர்கள் இலவச பாஸிலும் சீருடையிலும் ஏறுவதால் பள்ளி நேரக் கூட்டம் மெஷினில் குறைவாகத் தெரியும். அதை வைத்து எட்டு மணி பஸ்ஸில் ஆள் இல்லை என்று முடிவெடுத்தால் படிக்கட்டில் தொங்கும் பிள்ளைகளைத்தான் அதிகமாக்குவோம். ஆகவே மெஷின் கணக்கோடு, சத்திரம், பாலக்கரை, மத்தியப் பேருந்து நிலையம், மாம்பழச்சாலை ஆகிய நான்கு இடங்களில் மூன்று வேலை நாள், காலை 6:30 முதல் இரவு 9:30 வரை ஒருவர் தாளோடு நிற்க வேண்டும். வண்டி எண், வந்த நேரம், ஏற்றிக்கொள்ளாமல் விட்டுச் சென்ற ஆள் எத்தனை. இவ்வளவு எழுதினால் போதும்.

இரண்டாவதாக, சத்திரத்தில் நிறுத்தி விடுதல். நிறைய பேர் இறங்கும் இடத்தில்தான் பஸ்ஸைப் பிடித்து வைக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே உட்கார்ந்து பொறுமை இழப்பவர்கள் குறைவு. சத்திரம் அதற்கு ஏற்ற இடம். முன் பஸ் போய் 4 நிமிடத்துக்குள் அடுத்தது வந்தால், டைம் கீப்பர் அதிகபட்சம் 3 நிமிடம் பிடித்து வைத்து விடட்டும். அதற்கு மேல் பிடித்தால் பின்னால் வருகிற வண்டிகளுக்கு இடம் இருக்காது. இரண்டு வண்டி ஒட்டிக்கொண்டே வந்துவிட்டால், நிரம்பிய முன் வண்டி அடுத்த சில நிறுத்தங்களில் இறக்கிவிட மட்டும் நின்று போகட்டும், பின் வண்டி ஏற்றிக்கொள்ளட்டும். இந்த அதிகாரத்தை டைம் கீப்பருக்கு எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் இல்லாததைச் செய்ய அவர் ஏன் வம்பை விலைக்கு வாங்க வேண்டும்?

வட்டாரப் போக்குவரத்து அலுவலரிடம் ஒன்று. திருச்சியில் தனியார் டவுன் பஸ்கள் அதிகம், முக்கியத் தடங்களில் அரசு பஸ்ஸோடு சேர்ந்தே ஓடுகின்றன. பர்மிட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் நேரம் உண்டு. ஆனால் பழைய பர்மிட்டின் நேரமும் பின்னால் வந்த அரசு பஸ்ஸின் நேரமும் தனித்தனியாகப் போட்டவையாக இருந்தால் ஒரே நிமிடத்தில் மூன்று வண்டி கிளம்பும். கலெக்‌ஷனைப் பொறுத்து பேட்டா என்பதால் முன்னால் போகிறவருக்கே கூட்டம், முந்தியே ஆக வேண்டும். ரேஸுக்கும் ஏர் ஹாரனுக்கும் அபராதம் போடுவது தேவைதான், ஆனால் போட்டியை உண்டாக்குவது அந்த நேரப்பட்டியல். அரசு, தனியார் இரண்டையும் ஒரே தாளில் போட்டு, சத்திரம் கடக்கும் நிமிடத்தை வைத்து இடைவெளி பிரிக்கும்படி ஒரு கூட்டு நேர நிர்ணயக் கூட்டம் நடத்துங்கள். பஞ்சப்பூர் வந்த பிறகு பயணிகள் போகும் திசையே மாறியிருக்கும்போது பழைய நேரங்களைத் தொடருவதில் பொருளில்லை.

மாநகராட்சிக்கும் காவல்துறைக்கும்: நிழற்குடை கட்டுவதோடு நிறுத்தம் முடிந்துவிடுவதில்லை. ஒரு டவுன் பஸ் ஏறக்குறைய 12 மீட்டர் நீளம். இரண்டு வண்டி ஓரம் கட்ட 30 மீட்டர் நேர் ஓரம் வேண்டும். அதில் நான்கு ஆட்டோ நின்றால் பஸ் நடுரோட்டில் நிற்கும், பின்னால் எல்லாமே நிற்கும். முப்பது மீட்டருக்கு மஞ்சள் கோடு போட்டு, ஆட்டோ நிறுத்தத்தை அதன் பின்னால் தள்ளிக் கொடுங்கள், ஆட்டோக்காரர்களுக்கும் பிழைப்பு வேண்டும். முடிந்த இடங்களில் நிறுத்தத்தை சிக்னலுக்கு முன்னால் வைக்காமல் தாண்டி வையுங்கள். முன்னால் இருந்தால் ஆள் ஏறி முடிக்கும்போது பச்சை போய்விடும், ஒரு சுற்று வீண்.

வைகுண்ட ஏகாதசிக்கும் ஆடிப்பெருக்குக்கும் ஸ்ரீரங்கம் பக்கம் சிறப்புப் பேருந்து விடும்போது, வழக்கமான தடங்களிலிருந்து வண்டியை உருவாதீர்கள். அன்றைக்கும் திருவெறும்பூரிலும் துவாக்குடியிலும் ஷிப்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்களுக்கு மிகவும் முக்கியமாகப் படுவதைக் கடைசியில் வைத்திருக்கிறோம். வண்டி பழுதாகும், கண்டக்டர் விடுப்பு எடுப்பார், ஏதாவது ஒரு நடையைக் கட் அடிக்கத்தான் வேண்டியிருக்கும். எதைக் கட் செய்வது என்பதற்கு இன்று வசதிதான் அளவுகோலாக இருக்கும்: டிப்போவுக்குத் திரும்ப லேட்டாகிறது என்றால் கடைசி நடை போய்விடும். அதைத் தலைகீழாக்குங்கள். அடுத்த பஸ் எட்டு நிமிடத்தில் இருக்கிற நேரத்தில் ஒரு நடையைக் கட் செய்தால் நாற்பது பேர் எட்டு நிமிடம் கூடுதலாக நிற்பார்கள். இரவு கடைசி நடையைக் கட் செய்தால் ஆறு பேர்தான் நிற்பார்கள். ஆனால் அவர்களுக்கு அடுத்த பஸ்ஸே கிடையாது. ஜவுளிக்கடை மூடிவிட்டு வரும் பெண்கள், மருத்துவமனையில் நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அவர்கள். அடுத்த நாள் முதல் அவர்கள் ஒன்பது மணி பஸ்ஸையும் நம்ப மாட்டார்கள். கடைசி நடையும், மணிக்கு ஒன்றே ஓடும் தடத்தின் நடையும் எக்காரணத்தாலும் கட் ஆகக் கூடாது. அப்படிக் கட் ஆக நேர்ந்தால் மாற்று வண்டி போக வேண்டும் என்று சுற்றறிக்கை விடுங்கள். மாலை ஏழு மணியிலிருந்து சத்திரத்தில் ஒன்று, பஞ்சப்பூரில் ஒன்று என்று ஓட்டுநர், நடத்துநரோடு இரண்டு ஸ்பேர் பஸ் நிற்கட்டும்.

செலவில்லாத ஒரு வேலையை இந்த மாதமே தொடங்கலாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு தாள், தூரத்திலிருந்து படிக்கிற எழுத்தில்: தட எண், எங்கிருந்து எங்கே, முதல் பஸ், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, கடைசி பஸ். கடைசி பஸ் நேரத்தை மட்டும் சிவப்பில் அடியுங்கள். கீழே கிளை மேலாளர் அலுவலகத்தின் தொலைபேசி எண், இரவு பத்தரைக்கும் யாராவது எடுக்கிற எண்ணாக.

இப்படிக்கு,
திருச்சி நகரப் பேருந்துகளின் இயக்கம் அறிந்த சிலர்