கொழும்புக்குக் குழு கூட்டிவரும் சங்கங்களுக்கு: பஸ்ஸை நிறுத்திவிட்டு ரயிலில் ஏறுங்கள்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

வடக்கு, கிழக்கு, மலையகம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வார இறுதியில் கொழும்புக்கு ஆட்களைக் கூட்டிவரும் சனசமூக நிலையங்கள், மாதர் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் அனைத்துக்கும் பொதுவாக இதை எழுதுகிறோம். அப்படி வரும் குழுக்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் ஒழுங்கு செய்துகொடுப்பவர்கள் நாங்கள். உங்கள் அறிவித்தல்களில் இடங்களின் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போகிறது: தாமரைக் கோபுரம், மிருகக்காட்சிச்சாலை, நூதனசாலை, கங்காராமய, சுதந்திர சதுக்கம், புறக்கோட்டை, காலிமுகத்திடல், கல்கிசைக் கடற்கரை. சனியும் ஞாயிறும் மட்டும் நீளவேயில்லை.

ஒரு சின்னக் கணக்கு. நாற்பது பேர், இரண்டு மலசலகூடங்கள், ஆளுக்கு மூன்று நிமிடம்: ஒரு மணித்தியாலம் அதிலேயே போய்விடும். நுழைவுச்சீட்டு வரிசை, செருப்பு வைக்கும் இடம், தேத்தண்ணி குடிக்கப் போனவரைத் தேடுவது எல்லாம் வேறு. எதையும் பார்க்கத் தொடங்குமுன்பே ஒவ்வோர் இடமும் அரை மணித்தியாலத்தைத் தின்றுவிடும். ஆகவே ஒரு பகலுக்கு மூன்று இடம். நான்காவதை எழுதினால் மூன்றாவதையும் சேர்த்து இழப்பீர்கள்.

அடுத்தது பஸ். ஐம்பது இருக்கைப் பஸ்ஸைப் புறக்கோட்டைக்குள் நிறுத்த இடம் கிடையாது. சாரதி உங்களை இறக்கிவிட்டு எங்கேயோ சுற்றிக்கொண்டிருப்பார். போன் எடுத்தால் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது. வந்து நின்றதும் பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள். பாதிப் பேர் ஏறியதும் பொலிஸ் நகரச் சொல்லும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் இரவில் ஓட்டி வந்த மனிதர், ஞாயிறு இரவும் அதே தூரத்தை ஓட்டப்போகிறார். இடையில் இரண்டு பகலும் அவரை நகர நெரிசலில் ஓடவிட்டால் திரும்பும் வழியில் நித்திரை தூங்குவார். சனி காலை பஸ்ஸை ஒரு வளவில் நிறுத்துங்கள், சாரதிக்கு ஓர் அறை கொடுங்கள், ஞாயிறு மாலை வரை இரண்டையும் தொடாதீர்கள். (வாடகைக்கு எடுப்பது தனியார் பஸ் என்றால், வழக்கமான தடத்தை விட்டு வர விசேட அனுமதிப்பத்திரம் வேண்டும். அது கையில் கிடைக்குமுன் ஆட்களிடம் காசு சேர்க்க வேண்டாம்.)

பஸ்ஸுக்குப் பதில் கரையோர ரயில். கோட்டை, கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை: நீங்கள் போக நினைக்கும் இடங்களில் பல இந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கொள்ளுப்பிட்டிக்குப் பிறகு கடலை ஒட்டியே ஓடும். தெற்கே போகும்போது கடல் வலக்கைப் பக்கம். மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ரயில் ஓட்டமே ஒரு சுற்றுலா.

பிழைப்பது இரண்டு இடத்தில். ரயில் ஒரு நிலையத்தில் கொஞ்ச நேரம்தான் நிற்கும், நாற்பது பேரும் ஒரே வாசலுக்கு ஓடினால் பத்துப் பேர் மேடையிலேயே நிற்பார்கள். பத்துப் பத்துப் பேராக நான்கு அணி பிரித்து, அணிக்கு ஒரு பொறுப்பாளரும் ஒரு பெட்டியும் என்று வையுங்கள். இரண்டாவது, எல்லா ரயிலும் எல்லா நிலையத்திலும் நிற்பதில்லை. ஏறுமுன் 'வெள்ளவத்தையில் நிற்குமா' என்று கேட்காவிட்டால் மொறட்டுவையில் போய் இறங்க வேண்டிவரும். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு, ஆகவே நேரங்களை முதல்நாளே நிலையத்தில் கேட்டுக் குறித்துவையுங்கள். பயணச்சீட்டை ஒருவரே மொத்தமாக எடுக்கலாம். ஆனால் ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள், வெளியேறும் வாசலில் கேட்பார்கள்.

இரவுப் பஸ்கள் விடிய நான்கு, ஐந்து மணிக்கே தங்குமிடமுள்ள வெள்ளவத்தைக்கு வந்துவிடும். அறை கிடைப்பதோ மதியத்துக்குப் பிறகு. இடைப்பட்ட நேரத்தில் வயதானவர்கள் முகம் கழுவ வழியில்லாமல் வீதியோரம் பயணப்பைகளோடு குந்தியிருப்பதைப் பார்க்கவே கஷ்டமாயிருக்கும். வெள்ளி இரவுக்கும் சேர்த்து மூன்று அறை மட்டும் எடுங்கள், பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு ஒன்று. மூன்று குளியலறை, ஆளுக்கு எட்டு நிமிடம் என்றால் நாற்பது பேரும் ஏழு மணிக்கு முன் முழுகி முடிக்கலாம். எல்லோருடைய அடையாள அட்டைப் பிரதிகளையும் ஒரே உறையில் கொண்டுவாருங்கள். தங்குமிடத்தில் பதிவு செய்யும்போது அரை மணித்தியாலம் மிச்சம்.

இனி எந்த நாளில் எது என்ற கேள்வி. சனி நகரின் வடபக்கம் (கொச்சிக்கடை, புறக்கோட்டை, மாலையில் ஒன்று என்று மூன்று இடம்), ஞாயிறு தென்பக்கம். இதை மாற்றிப் போடவே கூடாது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டைக் கடைகளில் பெரும்பகுதி பூட்டு. நடைபாதை வியாபாரிகள் இருப்பார்கள், ஆனால் துணியும் பாத்திரமும் வாங்க வந்த மாதர் சங்கத்துக்கு அது போதாது. முஸ்லிம் கடைகள் வெள்ளி நண்பகலில் ஜும்ஆவுக்காக மூடும், வெள்ளி பகலே வந்துவிடுபவர்கள் அதையும் கணக்கில் எடுங்கள்.

சனி காலை எட்டு மணியளவில் வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் ஒன்பதுக்கு முன் கோட்டை. அங்கிருந்து நேரே கடைகளுக்குள் நுழையாமல் ஓட்டோக்களில் கொச்சிக்கடைக்கு மேலே போய், நடந்து கீழே இறங்கி வாருங்கள். காரணம் கோவில் நேரம்: நண்பகல் பூசை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள், பிறகு மாலைதான். பொன்னம்பலவாணேசுவரர் கோவிலுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். பொன்னம்பல முதலியார் கட்டிய கோவிலை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திரும்பக் கட்டினார். வெளியே வீதி கொதித்தாலும் உள்ளே கல் குளிர்ந்திருக்கும், களைத்தவர்கள் தூணோடு சாய்ந்து இருக்கலாம். பக்கத்திலேயே கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். 2019 ஏப்ரல் 21 தாக்குதலில் இறந்தவர்களின் நினைவு அங்கே இருக்கிறது, பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிக் கூட்டிப்போங்கள். பைகளைச் சோதிக்கக்கூடும், சுமை குறைவாக இருந்தால் நல்லது.

பிறகு செட்டியார் தெரு. நகை வாங்குபவர்கள் இரண்டு பேர் என்றால் அந்த இருவரும் ஒரு துணையும் மட்டும் கடைக்குள் போகட்டும். மற்றவர்கள் கதிரேசன் கோவில் பக்கம் நிற்கலாம். பற்றுச்சீட்டில் கரட், நிறை, செய்கூலி, சேதாரம் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். 'எல்லாம் சேர்த்து' என்ற ஒரு தொகையை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

2ஆம் குறுக்குத் தெருவில் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், 1908இல் கட்டத் தொடங்கிய சிவப்பு வெள்ளைப் பள்ளி. உள்ளே போக விரும்பினால் ளுஹர் (நண்பகல்) தொழுகைக்கு முன் சேருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை, பெண்களுக்குத் தலைத்துணி, வாசலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை. படத்துக்காக நடுத்தெருவில் நிற்க வேண்டாம். நாட்டாமிமார் சுமைவண்டியோடு வரும்போது பிரேக் கிடையாது.

மதியச் சாப்பாட்டுக்கு நாற்பது பேரும் பன்னிரண்டரைக்கு ஒரு கடைக்குள் நுழைந்தால் ஒருவரும் சாப்பிட மாட்டார்கள். முதல்நாளே சொல்லிவைத்து, பதினொன்றே முக்காலுக்கு முதல் இரண்டு அணி, பன்னிரண்டரைக்கு மற்ற இரண்டு. ஊரில் தினமும் சாப்பிடுகிற தோசையை இங்கேயும் தேடுவானேன்? அசைவம் சாப்பிடுகிறவர்கள் புரியாணியும் வட்டிலப்பமும் சாப்பிடட்டும், சைவக்காரருக்குச் செட்டியார் தெருப் பக்கம் கடை உண்டு.

கடைகளுக்கு ஒரு மணியிலிருந்து மூன்றரை வரை. முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனம். வாங்குமுன் கடையிலேயே போட்டுப் பாருங்கள், உத்தரவாத அட்டையில் கடை முத்திரை இல்லாவிட்டால் வேண்டாம். மொத்தக் கடையில் ஒரு சாரி தரமாட்டார்கள், ஆறு பேர் சேர்ந்து ஆறு எடுத்தால் மொத்த விலையே கிடைக்கும். குழுவாக வருவதன் உண்மையான லாபம் இதுதான், ஆனால் நீங்கள் ஒவ்வொருவராகப் பிரிந்து பேரம் பேசுகிறீர்கள். கூடும் இடம் கான் மணிக்கூட்டுக் கோபுரம். தவறியவர்களுக்கு இரண்டாவது இடம் கோட்டை ரயில் நிலையத்தின் முன்னுள்ள ஒல்கொட் சிலை.

மாலையில் காலிமுகத்திடல் அல்லது தாமரைக் கோபுரம், இரண்டில் ஒன்று. சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் 5.50க்கும் 6.30க்கும் இடையில், ஆகவே ஐந்து மணிக்கு அங்கே நிற்க வேண்டும். எங்களைக் கேட்டால் காலிமுகத்திடல்: காசில்லை, வரிசையில்லை, இறால் வடை உண்டு. கோபுரம் 350 மீற்றருக்கு மேல், பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் மழைமேகம் இறங்கிய நாளில் மேலே ஏறினால் கண்ணாடிக்கு வெளியே வெள்ளை மட்டும் தெரியும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். திடலிலிருந்து வெள்ளவத்தைக்கு 100, 101 இலக்கப் பஸ்கள் இருக்கின்றன.

ஞாயிறு காலை நூதனசாலை. ஒன்பது மணிக்குத் திறக்கும்போதே போனால் கூட்டமிராது. 138 இலக்கப் பஸ் நகர மண்டபப் பக்கமாகப் போகும், அங்கிருந்து பூங்கா வழியாக நடக்கலாம். 1877இல் திறந்த கட்டடம். கண்டி அரசனின் சிம்மாசனத்தைப் பார்த்ததும் குழுக்கள் திரும்பிவிடுகின்றன. நிற்க வேண்டிய இடம் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த நடராசர் முதலான வெண்கலச் சிலைகள். மற்றது காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409 என்று ஆண்டு பொறித்தது. சீன மொழியில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும் என்று ஒரே கல்லில் மூன்று காணிக்கைப் பட்டியல். தெனாவரை என்பது இன்றைய தெய்வேந்திரமுனை, அங்கே கோயில் கொண்டிருந்த திருமாலைத்தான் நாயனார் என்கிறது. தேய்ந்த எழுத்து, பொறுமையாகப் பார்க்க வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் தங்கள் தமிழாசிரியர் ஒருவரை இதற்காகவே கூட்டிவரலாம்.

சிறுபிள்ளைகள் அதிகமென்றால் நூதனசாலையை விட்டுவிட்டுத் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை. மூன்று மணித்தியாலத்துக்குக் குறைந்து முடியாது, ஏற்ற இறக்கம் உண்டு, முழங்கால் நோ உள்ளவர்களுக்குக் கஷ்டம். இரண்டையும் ஒரே காலையில் போடாதீர்கள்.

மாலை கல்கிசை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கடுமையாக இருக்கும், அந்த மாதங்களில் கணுக்கால் நனைத்தால் போதும். குளிக்க விடும் பருவத்திலும் உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் மட்டும், அணிப் பொறுப்பாளர் கரையில் நின்று தலை எண்ண வேண்டும்.

திகதி குறிக்குமுன் கலண்டரைப் பாருங்கள். போயா வந்த சனிக்கிழமை புறக்கோட்டை பாதி பூட்டு, இறைச்சிக் கடைகளும் மூடல். வெசாக் கிழமை பஸ்ஸிலும் ரயிலிலும் இடமிராது. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய இரு வாரம் கடைத்தெருவில் கால் வைக்க முடியாது, பிந்திய நாட்களில் கடையே இருக்காது. ஆடிவேல் நாட்களில் காலி வீதி ஊர்ந்துதான் நகரும். ஆனால் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வருவதைப் பார்க்கவே ஒரு பயணத்தை வைத்தால் நாங்கள் தடுக்க மாட்டோம்.

பொருளாளருக்கு ஒன்று: வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்களைப் பட்டியலில் சேர்த்திருந்தால் நூதனசாலை, மிருகக்காட்சிச்சாலை, கோபுரம் மூன்றிலும் அவர்களுக்கு வெளிநாட்டார் கட்டணம், உள்ளூர்க் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. எல்லோரிடமும் ஒரே தொகை வாங்கிவிட்டுப் பிறகு வாசலில் நின்று கணக்குப் பார்க்க வேண்டாம். நுழைவுச்சீட்டுக் காசைப் பயணக் கட்டணத்தில் சேர்க்காமல் தனியாக வாங்குங்கள், மொத்தச் செலவில் பத்திலொரு பங்கைக் கையிருப்பாக வையுங்கள்.

அறிவித்தலை அச்சுக்குக் கொடுக்குமுன் இடங்களை ஆறாகக் குறைத்து, திகதியையும் ஆள் எண்ணிக்கையையும் மூன்று வாரம் முந்தி உங்களுக்கு ஒழுங்கு செய்பவருக்கு அனுப்புங்கள். எத்தனை பேர் சைவம், எத்தனை பேருக்குப் படி ஏற முடியாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

இவ்வண்ணம்,
கொழும்பில் குழுப் பயணங்களுக்கு ஒழுங்கு செய்துகொடுப்போர்