படப் புத்தகம் வாங்குமுன் சின்ன எழுத்தைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஐரோப்பிய ஓவியர்கள், கலை இயக்கங்கள், உலக நகரங்கள் பற்றிய பெரிய படப் புத்தகங்களைத் தேடிப் பெற்றோர் பலர் கடையேறுவார்கள். உயர்நிலைப்பள்ளியில் ஓவியம் படிக்கும் பிள்ளைக்கென்று கையில் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் நல்ல புத்தகம் என்று வாங்குகிறோம். பார்க்க வேண்டியது படத்துக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல் ஓடும் சின்ன எழுத்தை.

ஓவியர் பெயர், தலைப்பு, வரைந்த ஆண்டு, எந்த வண்ணத்தில் எதன்மேல் வரையப்பட்டது, உயரமும் அகலமும், இப்போது இருக்கும் இடம். இத்தனையும் அந்த வரியில் இருக்க வேண்டும். அளவைக் கொடுக்காத புத்தகத்தை மாணவருக்கு வாங்கவே கூடாது என்பேன். பாரிஸின் லூவரில் இருக்கும் வெர்மீரின் ‘சரிகை பின்னும் பெண்’ ஏறத்தாழ 24 செ.மீ. உயரம், 21 செ.மீ. அகலம், ஏ4 தாளைவிடக் குட்டை. மட்ரிட்டில் இருக்கும் பிக்காசோவின் ‘குவெர்னிகா’ 349 செ.மீ. உயரம், 777 செ.மீ. அகலம். சிங்கப்பூரில் நம் வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் அதை நிமிர்த்தி வைக்கக்கூட முடியாது. புத்தகத்திலோ இரண்டும் ஆளுக்கு ஒரு பக்கம். அளவு தெரியாமல் படிக்கும் பிள்ளை, ‘குவெர்னிகா’ ஏன் அப்படி அலறுகிறது என்பதைப் பாதிதான் புரிந்துகொள்ளும்.

இருக்கும் இடமும் வெறும் அலங்காரம் இல்லை. வான் கோ தம் படுக்கையறையை எண்ணெய் வண்ணத்தில் மூன்று முறை வரைந்தார். ஒன்று ஆம்ஸ்டர்டாமில், ஒன்று சிக்காகோவில், ஒன்று பாரிஸில். இரண்டு புத்தகங்களில் நிறம் வேறுபட்டால் அச்சுப் பிழை என்று நினைத்துவிடுகிறோம். வேறு ஓவியமாகவே இருக்கலாம். இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த அறையின் சுவர் வெளிர் ஊதா என்று வான் கோவே கடிதத்தில் எழுதியிருக்கிறார். சிவப்புச் சாயம் வெளுத்துப்போனதால் இன்று நீலமாகத் தெரிகிறது. நல்ல புத்தகம் இதைச் சொல்லும், மற்றது நீலச் சுவரின் ‘அமைதி’யைப் பற்றி ஒரு பத்தி அளக்கும்.

அடுத்து, புத்தகம் வெளிவந்த ஆண்டு. பிராஸ் பசா பக்கம் பழைய புத்தகம் வாங்குவோர் இதை முதலில் பார்க்க வேண்டும். வத்திக்கனின் சிஸ்டைன் சிற்றாலய விதானத்தை 1980இல் தொடங்கிப் பல ஆண்டுகள் துப்புரவு செய்தார்கள். புகைக்கரியும் பழைய பசையும் போனபின் மைக்கலாஞ்சலோவின் பச்சையும் ஆரஞ்சும் பளிச்சென்று வெளியே வந்தன. அதற்கு முந்தைய புத்தகங்களில் விதானம் முழுவதும் பழுப்பேறிக் கிடக்கும். டிரெஸ்டனில் உள்ள வெர்மீரின் ‘சாளரத்தருகே கடிதம் படிக்கும் பெண்’ படத்தில் அவள் பின்னால் வெற்றுச் சுவர்தான் இருந்தது. அடியில் மன்மதன் உருவம் இருப்பது 1979இல் ஊடுகதிர்ப் படத்தில் தெரிந்தது. வெர்மீரே மறைத்தார் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அவர் இறந்தபின் வேறு யாரோ பூசியது என்று பின்னர் கண்டறிந்து, மேற்பூச்சை நீக்கி 2021இல் காட்சிக்கு வைத்தார்கள். வெற்றுச் சுவரைத் தனிமையின் குறியீடு என்று விளக்கும் பழைய புத்தகத்தைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தால் என்ன ஆகும்? பெர்லினில் உள்ள ‘தங்கத் தலைக்கவசம் அணிந்தவர்’ 1980களின் நடுவில் ரெம்பிராண்ட் கணக்கிலிருந்தே விழுந்துவிட்டது. ஆனாலும் பழைய புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம். புதியதை அருகில் வைத்து ஒப்பிட்டால் அதுவே நல்ல பாடம்.

நிறத்தைச் சோதிக்கக் கடையின் மஞ்சள் விளக்கை நம்பாமல் கண்ணாடிக் கதவோரம் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அச்சில் பெரும்பாலும் நான்கு மைகள்தாம்: வெளிர்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. கொதிக்கும் ஆரஞ்சையும் ஆழ்ந்த நீலத்தையும் இவற்றால் முழுதாக எட்ட முடியாது. அந்தக் குறை எந்த விலையிலும் உண்டு. மன்னிக்க முடியாதவை வேறு. ரெம்பிராண்ட் படத்தில் கறுப்பு அங்கியும் இருண்ட பின்னணியும் ஒரே மைக்குளமாக இருந்தால் அச்சு மோசம். முகத்தோரம் சிவப்பு அல்லது நீல விளிம்பு தெரிந்தால் நான்கு மைகளுக்கான அச்சுத் தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அமரவில்லை. பத்து மடங்கு பெருக்கும் சிறு கண்ணாடியை வைத்தால் உடனே பிடிபடும். ஓவியரின் கையெழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தால் படத்தையே இடவலம் மாற்றி அச்சிட்டிருக்கிறார்கள். இதுவும் நடக்கிறது!

புள்ளிப் பாணி ஓவியங்களுக்குத் தனி எச்சரிக்கை. சிக்காகோவில் உள்ள சேராவின் ‘லா கிராண்ட் ஜாட்’ 308 செ.மீ. அகலம். புத்தகத்தில் 30 செ.மீ.க்குச் சுருக்கினால் ஐந்து மில்லிமீட்டர்த் தீற்றல் அரை மில்லிமீட்டராகி, அச்சுப் புள்ளிகளோடு கலந்து காணாமல் போகும். ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிய பக்கம் இல்லையென்றால் அந்த இயக்கத்தைப் பற்றி அந்தப் புத்தகம் ஒன்றுமே காட்டவில்லை என்று பொருள். இரண்டு பக்கம் விரியும் படமும் அப்படித்தான். நடு மடிப்பில் யாருடைய முகம் விழுங்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பக்கங்கள் தைக்கப்பட்டிருந்தால் புத்தகம் தட்டையாக விரியும். வெறும் பசைக்கட்டு என்றால் நடுப்பகுதி போனது போனதுதான், நம் வெப்பத்தில் சில ஆண்டுகளில் தாளும் உதிரத் தொடங்கும்.

மலிவுப் புத்தகங்களில் மோனே குவிந்து கிடப்பதற்கும் பிக்காசோ அரிதாக இருப்பதற்கும் ரசனை மட்டும் காரணமில்லை. சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் பதிப்புரிமை ஓவியர் இறந்து 70 ஆண்டு வரை. 1926இல் இறந்த மோனேவுக்குக் கட்டணமில்லை. 1954இல் இறந்த மத்தீஸ் 2025இல்தான் விடுபட்டார். 1973இல் இறந்த பிக்காசோவுக்கு 2043 முடியும்வரை பணம் கட்டியாக வேண்டும்.

நகரப் புத்தகங்களில் பாதி, அஞ்சலட்டைகளை அட்டைக்குள் கட்டியவை. அளவுகோலும் வடதிசையும் குறித்த வரைபடம் உண்டா, படம் எடுத்த ஆண்டு உண்டா என்று பார்த்தால் போதும். 2019 ஏப்ரலில் எரிந்து 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோட்ர டாம் பேராலயம் எந்தக் கோலத்தில் இருக்கிறது என்பதே பாரிஸ் புத்தகத்தின் வயதைச் சொல்லிவிடும்.

வாங்குமுன் நூலகத்தில் புரட்டிப் பார்க்கலாம். நூலக அடுக்கு எண்ணில் ஓவியம் 759, கலை வரலாறு 709. ஓவியரின் நாட்டை வைத்து எண் பிரிவதால், பிரான்சில் புகழ்பெற்ற படங்களை வரைந்த வான் கோவை நெதர்லாந்துக்குரிய 759.9492இல் தேடுங்கள். பெரிய அளவுப் புத்தகங்களைத் தனி அடுக்கில் வைத்திருப்பார்கள்.

வாங்கியபின் நம் எதிரி ஈரம். வழவழப்பான படத்தாளின் மேல் வெண்களிமண் பூச்சு உண்டு. நனைந்தால் அது பசையாகிறது. ஒட்டியபடியே காய்ந்துவிட்டால் எந்த வித்தையாலும் பிரிக்க முடியாது. மழையில் நனைந்த புத்தகத்தை மூடிவைத்து வெயிலில் காயப்போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஓரம் மட்டும் நனைந்திருந்தால் ஈரம் காயுமுன் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் அடுமனைத் தாளை (கேக் சுடும் தட்டில் விரிக்கும் ஒட்டாத தாள்) செருகி, மின்விசிறிக் காற்றில் நிறுத்துங்கள். முழுதும் ஊறியிருந்தால் பிரிக்காமல் பிளாஸ்டிக் பையில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். பிறகு நேரம் கிடைக்கும்போது பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். நூலகப் புத்தகம் என்றால் நீங்களே வைத்தியம் பார்க்காமல் உடனே முகப்பில் சொல்லிவிடுங்கள். அலமாரிக்குள் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம். மூன்று கிலோ புத்தகத்தை நிறுத்தி வைத்தால் உள்தாள் தொங்கி முதுகு கிழியும்; படுக்க வையுங்கள், மூன்றுக்குமேல் அடுக்காதீர்கள்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ஓவியம் ஒன்றை அச்சிடும்போது ஆண்டு, அளவு, இருக்கும் இடம் மூன்றையும் படக்குறிப்பில் சேருங்கள்; ஒரு வரி இடம்தான். பெயர்களையும் ஒலிப்படி நிலைப்படுத்துங்கள். பிரெஞ்சில் கடைசி மெய் பெரும்பாலும் ஒலிக்காது. மோனட், மேனட், டீகாஸ் அல்ல, மோனே, மானே, தெகா. மோனேயும் மானேயும் நண்பர்கள், ஆனால் இரண்டு ஆட்கள். தமிழில் ஒரு கொம்பு பிசகினால் ஒருவர் படம் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தோ பாயோ