பிழை கேட்கும் பக்கத்தில்

கிளிநொச்சி
மாசி மாதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்தை அறிய ஆவல்.

நம் அமெச்சூர் ரேடியோ கேட்கிறது, ஆனால் அந்த ஒலியைக் கணினி எழுத்தாக்கும் எஃப்டி8 முறையில் திரையில் எழுத்து ஒன்றும் விழுவதில்லை, அதனால்தான் காலையில் வருவதில்லை என்று நீ சொன்னதாக அம்மா சொன்னாள். அதற்குத்தான் இந்தக் கடிதம். வேறொன்றுமில்லை. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நீ எடுக்கும் நேரத்தில் நான் வயலில் நிற்கிறேன், நான் எடுக்கும் நேரத்தில் நீ வேலையில் நிற்கிறாய். வாட்ஸ்அப்பில் பத்து வரி எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. அதைப் பதில் என்று எடுத்துக்கொள்வதா?

முதலில் ஒன்று. உன் அனுப்புதலில் பிழை இல்லை. மாசி பிறந்த கையோடு ஒரு காலை, இங்கே ஆறரை மணிக்கு, 14.074 மெகாஹேர்ட்ஸில் உன் அழைப்புக்குறி என் திரையில் விழுந்தது. இரைச்சலுக்கு 17 டெசிபெல் கீழே. காதை வைத்தால் ஒன்றும் இல்லை, எழுத்து மட்டும் வந்தது. நேரப் பிழை 0.2 விநாடி. நான் உடனே பதில் போட்டேன். உன் முறை வந்தது. நீ மறுபடியும் பொது அழைப்பே விடுத்தாய். நான் மறுபடி போட்டேன். நீ மறுபடி பொது அழைப்பு. அப்படியே போய்க்கொண்டிருந்து பிறகு நின்றுவிட்டது. என் வலு போதவில்லை, உன் பக்கத்தில் இரைச்சல் கூட என்றும் சொல்லலாம். ஆனால் ஒருவருடைய எழுத்துமே விழவில்லை என்றல்லவா சொல்லியிருக்கிறாய்.

ஆகவே யோசித்துப் பார். உன் செய்தியை என் கணினி பிரித்து எடுத்தது என்றால், உன் கணினி ஒலியை வெளியே விடும் வேகம் சரி. நேரப் பிழை 0.2 என்றால் கடிகாரமும் சரி. மணித்தியாலம் மாறியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இந்த முறைக்கு 15 விநாடிக் கட்டங்கள்தான் கணக்கு. கணினியில் இரண்டு மணித்தியாலம் பின்னே தள்ளி வைத்தாலும் எழுத்து விழும். மிச்சம் இருப்பது உள்ளே வரும் ஒலிதான். பிழை கேட்கும் பக்கத்தில்.

விண்டோஸில் சவுண்ட் என்பதைத் திறந்தால் பிளேபேக், ரெக்கோடிங் என்று இரண்டு இருக்கும். விநாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளப்பது என்ற மாதிரி வீதம் இரண்டுக்கும் தனித்தனி. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும் என்று நினைத்துவிடாதே. மென்பொருளை மூடிவிட்டு ரெக்கோடிங்குக்குப் போய், ரேடியோவின் ஒலி உள்ளே வரும் யூஎஸ்பி ஓடியோ கோடெக் என்ற பெயரைத் தேர்ந்து, அட்வான்ஸ்டில் 16 பிட், 48000 ஹேர்ட்ஸ் என்று வை. அங்கே 44100 என்று இருக்கும், பந்தயம். ஒலியை மெருகூட்டும் வசதி ஏதாவது போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடு.

அந்தப் பெயருக்கு முன்னால் 2 என்று ஓர் இலக்கம் விழுந்திருக்கிறதா பார். வயரைக் கழற்றி வேறொரு யூஎஸ்பி துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதிய சாதனம் என்று எடுத்துக்கொள்ளும். பழையதற்கு நீ செய்து வைத்த ஒழுங்கு ஒன்றும் புதியதற்கு வராது. மேசையை இடம் மாற்றியவர்களுக்கும் வீடு மாறியவர்களுக்கும் இது வழக்கமாக நடப்பது. நீ மேசையை மாற்றியிருப்பாய்.

44100 சீடி காலத்து எண். பாட்டுக் கேட்க நல்லது. நம் மென்பொருள் உள்ளுக்குள் 12000இல் வேலை செய்கிறது. 48000 அதற்கு நான்கு மடங்கு, மீதியில்லாமல் பிரியும். 44100ஐ 48000 ஆக்குவதென்றால் 147 மாதிரி இருக்கும் இடத்தில் 160ஐ உண்டாக்க வேண்டும். விண்டோஸ் அதைத் தானே செய்யும், பெரும்பாலும் ஒழுங்காகவே செய்யும். ஆனால் ஒலிச் சாதனத்தை இயக்கும் டிரைவர் 44100இல் எடுத்ததை 48000 என்று பொய் சொல்லிக் கொடுத்தால் எல்லாம் கெட்டது. 1500 ஹேர்ட்ஸில் இருப்பது 1633இல் தெரியும். 6.25 இடைவெளியில் நிற்க வேண்டிய எட்டுச் சுருதிகளும் 6.8க்கு விலகிப்போகும். 12.64 விநாடிச் செய்தி 11.6இல் முடிந்துவிடும். திரையில் கோடுகள் வடிவாக இறங்கும், கீச்சுக் கீச்சென்று கேட்கும், எழுத்து மட்டும் விழாது. நீ அம்மாவிடம் சொன்னது அட்சரம் பிசகாமல் இதுதான்.

முன்பு நீ ரேடியோவில் ஒலியாக அனுப்பிய படம் சரிந்து வந்ததே, அது வேறு. அது ஒலி அட்டையின் கடிகாரம் இம்மி பிசகுவதால் வருவது. அந்த முறையில் ஒரு படம் இறங்க 114 விநாடி எடுக்கும். இலட்சத்தில் பத்துப் பங்கு பிழை இருந்தாலும் ஒவ்வொரு வரியாகத் தள்ளித் தள்ளிக் கடைசி வரிக்கு வரும்போது படம் சாய்ந்துவிடும். பனிக்குள் நீயும் மருமகனும் நிற்கும் படம். ஏன் பிள்ளைகள் சரிந்து நிற்கிறார்கள் என்று அம்மா அன்றிரவு முழுக்கக் கேட்டாள். நான் சரிவைத் திருத்தி அச்செடுத்துக் கொடுத்தேன். சாமியறையில் இருக்கிறது.

சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். 10 மெகாஹேர்ட்ஸில் டபிள்யூடபிள்யூவி நேர நிலையத்தைப் பிடி. ஏஎம்மில் வை, பக்கப்பட்டை முறையில் வைத்தால் டயல் பிழையும் சேர்ந்து குழப்பும். ஒரு நிமிடம் 500 ஹேர்ட்ஸ், மறு நிமிடம் 600 என்று மாறி மாறிப் போடுவார்கள். உன் திரையில் 600 அறுநூறாகவே நின்றால் நான் சொன்னது பிழை, வேறு காரணம் தேடுவோம். 653இல் நின்றால் நான் சொன்னதுதான். நிலையம் கொலராடோவில் இருக்கிறது. இப்போது உனக்கு அது முன்பை விடக் கிட்டத்தானே, வடிவாகக் கேட்கும்.

எழுதிவிட்டேன். அந்த வரியை வெட்டிவிடப் பார்த்தேன், வேண்டாம், இருக்கட்டும்.

உன் அழைப்போடு வழமையாக வரும் எஃப்என்03 என்ற இருப்பிடச் சதுரம் அன்று வரவில்லை. டிஓ33 என்று வந்தது. நான் வரைபடத்தை எடுத்துப் பார்க்கவில்லை என்று எழுதினால் நீ நம்பவும் மாட்டாய். ரொறன்ரோ எங்கே, எட்மன்ரன் எங்கே. சிநேகிதி வீட்டுக்குப் போயிருப்பாய், போன இடத்தில் நேர்மையாகச் சதுரத்தை மாற்றி அனுப்பியிருப்பாய். விடுமுறைக்குப் போகிறவர்கள் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் விடுமுறைக்குப் போகிறவர்கள் ரேடியோ, கணினி, பவர் சப்ளை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டா போகிறார்கள்? அம்மாவுக்கு இந்தச் சதுரங்கள் விளங்காது. நான் சொல்லவுமில்லை. உன் மாமியார் தைப்பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் எடுத்து, பிள்ளை உங்களோடு கதைக்கிறவளா என்று கேட்டார். ஓம், கதைக்கிறவள் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சூடடிப்பு முடிந்துவிட்டது. நெல் விலையைக் கேட்காதே. இரணைமடுக் குளம் இந்த முறை வான் பாய்ந்ததால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் பஞ்சமில்லை என்கிறார்கள். அன்டெனா வயரில் மயில் வந்து இருக்கிறது. பனைப் பக்கத்து முனையில் இருந்தால் வயர் தொய்ந்து வேம்பில் முட்டுகிறது. அனுப்பும் நேரத்தில் நிலை அலை விகிதம், அதாவது அன்டெனாவிலிருந்து வலு திரும்பி வரும் அளவு, ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் மயில் வந்திருப்பது எனக்குத் தெரியும். வெளியே போய்க் கைதட்டிக் கலைத்துவிட்டு வருவதற்குள் கட்டம் முடிந்துவிடுகிறது.

சந்தையில் உன் விஞ்ஞான ரீச்சரைக் கண்டேன். நான் வாயே திறக்கவில்லை, அவராகவே பக்கத்தில் நின்றவர்களிடம் உன்னைப் பற்றிச் சொன்னார். யுத்தத் தடையால் பற்றரி வன்னிக்குள் வராத காலத்தில், கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிபிசி தமிழோசை கேட்டு வளர்ந்த பிள்ளை என்று அவருக்கும் ஞாபகம் இருக்கிறது. செய்தி முடியும் வரைக்கும் சுற்றுவாய். அண்ணா பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடுவான்.

அதுதான் எனக்கு விளங்கவில்லை. 48000 என்று வைக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியாத விஷயமா? நான் முதன்முதலில் இந்த மென்பொருளைப் போட்டுவிட்டு எழுத்து விழவில்லை என்று மண்டையை உடைத்தபோது, தொலைபேசியில் இருந்தபடியே "அப்பா, ரெக்கோடிங் பக்கத்தைப் பாருங்கள்" என்று சொன்னவள் நீதானே. நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் ஒருவர் எழுதிய மென்பொருள், அதற்கே கட்டளை போடுகிறாள் என் மகள் என்று அன்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். அவ்வளவு தெரிந்தவள் ஒரு மெனுவைத் திறந்து பார்க்காமல் கிடக்கிறாள் என்றால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

கோபமில்லை. களைப்பாக இருப்பாய். களைப்பாக இருக்கும்போது தெரிந்ததும் மறந்துபோகும். நேரத்துக்குச் சாப்பிடு. ரெக்கோடிங் பக்கம், 48000, 16 பிட். மென்பொருளை மூடிவிட்டு மாற்று, பிறகு திற. திறந்தபடி மாற்றினால் அது பழைய வீதத்திலேயே நிற்கக்கூடும். யாரும் உன்னை எதுவும் கேட்கப்போவதில்லை. எஃப்டி8இல் ஒரு செய்திக்கு 13 எழுத்துத்தான் சொந்தமாக எழுத முடியும், அதில் யார் என்ன கேட்பது. அழைப்புக்குறி, சிக்னல் அறிக்கை, விடைபெறும் வாழ்த்தான 73. அவ்வளவு போதும்.

வட்டக்கச்சி மாமியின் மகன் பங்குனி முதல் வாரம் கனடாவுக்குத் திரும்புகிறான். அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறாள், ஒடியல் மாவும் புழுக்கொடியலும் கட்டியிருக்கிறாள். அவன் அங்கே இறங்கியதும் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறான். சதுரம் ஒன்றுக்குள் பருத்தித்துறையிலிருந்து மாங்குளம் வரைக்கும் அடங்கும், அதை வைத்துக்கொண்டு பார்சல் அனுப்ப முடியாது. பழைய விலாசத்துக்கு அனுப்பவா, வேறு விலாசம் தருகிறாயா என்று அவன் புறப்படுவதற்கு முன் எழுது. அம்மாவின் போனுக்கு வேண்டாம், எனக்கு எழுது.

அன்புடன்
அப்பா