மோத்தி ராம் தீர்ப்பு நம் நீதிமன்றங்களை எப்போது வந்தடையும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீதியரசர் வி.ஆர்.கிருஷ்ணய்யரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1975 ஜூன் 24 அன்று இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்ற தீர்ப்புக்கு அவர் பிறப்பித்த நிபந்தனையுடன் கூடிய இடைக்காலத் தடையையே நினைவுகூர்கிறார்கள். அந்த ஆணையின் முக்கியத்துவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், சட்டத் தன்னார்வலராக நீதிமன்ற வளாகத்தில் கைதிகளின் குடும்பத்தாரோடு நாள்தோறும் பழகும் எனக்கு, அவருடைய பெரும்பணி சிறைக் கதவின் அருகில்தான் நடந்ததாகத் தோன்றுகிறது.

கேரளத்தின் தலச்சேரியில் விவசாயிகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் வாதாடிய அவர், 1948இல் தாமே சில வாரங்கள் சிறையில் இருந்தவர். 1957இல் கேரளத்தில் அமைந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத்துறையும் அவர் பொறுப்பில் இருந்தது. கேரள உயர் நீதிமன்றம், சட்ட ஆணையம் ஆகியவற்றில் பணியாற்றிவிட்டு 1973இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, சிறைக்குள் என்ன நடக்கிறது என்பதை ஏட்டில் மட்டும் படித்தவராக அவர் வரவில்லை. சக கைதி ஒருவர் சித்திரவதை செய்யப்பட்டதைப் பற்றி, தில்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பாத்ரா எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று உச்ச நீதிமன்றம் விசாரித்த வழக்கில் தீர்ப்பு எழுதியவர் அவர். கைதிக்குத் தீர்ப்பு நகலும், மேல்முறையீடு செய்ய வசதியில்லை எனில் வழக்கறிஞரும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 1978இல் ஹோஸ்கோட் வழக்கில் சொன்னவரும் அவரே.

அதே ஆண்டில் மோத்தி ராம் என்ற ஏழைக் கொத்தனாரின் வழக்கு வந்தது. உச்ச நீதிமன்றம் அவரைப் பிணையில் விடச் சொன்ன பிறகும், குற்றவியல் நடுவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். ஜாமீன் நிற்க முன்வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் ஏற்கவில்லை. கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதித் தரும் உறுதியின் பேரில், அவரை விடுவிக்க ஆணையிட்டார். எங்கோ தொலைவில் கைதாகும் ஒரு தமிழரோ தெலுங்கரோ அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பிலேயே கேட்டிருக்கிறார்.

ஜாமீன் ஆணை கையில் இருந்தும் உள்ளூர் ஜாமீன்தாரர் கிடைக்காமல் சிறையிலேயே நாட்களைக் கழிக்கும் மகனுக்காகவும் கணவனுக்காகவும் வளாகத்து மரத்தடியில் காத்திருக்கும் பெண்களை நான் இன்றும் பார்க்கிறேன். வெளி மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் நிலை இதைவிடக் கடினம். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இது குறித்து மீண்டும் வழிகாட்டுதல்களை வழங்க வேண்டியிருந்தது. பிணை கிடைத்தும் ஏழு நாட்களுக்குள் வெளிவராத கைதியைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவதால் விடுதலை தாமதமாகுமானால் அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்றும் அது கூறியது. கிருஷ்ணய்யர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல 45 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன என்பது எனக்கு வேதனையளிக்கிறது.

1980 நவம்பரில் ஓய்வுபெற்ற அவர், 2014 டிசம்பர் 4 அன்று மறையும் வரை 34 ஆண்டுகள் பொதுவாழ்வில் இருந்தார். 1987இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டதை விட, அந்தக் காலத்தில் பெண் கைதிகளின் நிலையை ஆராய்ந்த தேசிய நிபுணர் குழுவுக்குத் தலைமை ஏற்றதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். முதுமையிலும் மரண தண்டனைக்கு எதிராகத் தொடர்ந்து குரல் கொடுத்தார்.

அவர் மீது மதிப்புக் கொண்ட வழக்கறிஞர் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். சொந்தப் பிணை கோரலாம் என்பதையும், ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம் என்பதையும் எளிய தமிழில் எழுதி ஒவ்வொரு குற்றவியல் நடுவர் நீதிமன்ற வாசலிலும் வைக்கச் செய்யுங்கள்; பிணை கிடைத்தும் சிறையில் இருப்போரின் பட்டியலை வாரந்தோறும் கேட்டு வாங்கி, அவர்களுக்காக இளம் வழக்கறிஞர்களை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
சட்டத் தன்னார்வலரான ஒரு வாசகர்