தள்ளிவைப்பதானால் முழுதாகத் தள்ளிவையுங்கள்: கணக்கெடுப்பு ஆணையர்களுக்கு ஒரு திறந்த மடல்

தேசியப் புள்ளியியல் அலுவலகங்களின் தலைவர்களுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர்களுக்கும்,

வணக்கம்.

2020 மார்ச் 2ஆம் தேதி தொடங்கிய மெக்சிகோவின் கணக்கெடுப்பு 27ஆம் தேதி முடிந்துவிட்டது. கொரோனா பெருந்தொற்றால் அதே மாதம் 18ஆம் தேதி அமெரிக்கா தன் களப்பணியை நிறுத்தியது. ஏப்ரல் 1 அன்று தொடங்கவிருந்த வீட்டுப் பட்டியல் பணியை இந்தியா மார்ச் 25ஆம் தேதி தள்ளிவைத்தது. மெக்சிகோ தப்பித்ததற்குக் காரணம் திறமையான திட்டம் மட்டுமல்ல. நாட்காட்டியில் அதற்கு வாய்த்த இடமும்தான். அடுத்த சுற்றை அந்த வாய்ப்பை நம்பி விட்டுவிட முடியாது. களப்பணி, வினாப்படிவம், தரவுச் சீராக்கம் என்று இந்த வேலையின் வெவ்வேறு முனைகளில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில், எல்லாக் குழப்பத்துக்கும் வேரான ஒன்று. கணக்கெடுப்பில் இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று குறிப்பு நேரம்: அந்த நள்ளிரவில் யார் உயிரோடு இருந்தார், எந்த வீட்டைச் சேர்ந்தவர் என்பதே அங்கே கேள்வி. மற்றது, ஆள் போய்க் கதவைத் தட்டும் நாள். இரண்டுக்கும் நடுவில் ஓரிரு வாரம்தான் என்றால் களத்தில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினாலும் பெரிய சேதம் வராது. பெருந்தொற்று அந்த ஓரிரு வாரத்தை மாதக்கணக்கில் இழுத்துவிடுகிறது. அமெரிக்காவில் குறிப்பு நாள் ஏப்ரல் 1 என்றே நின்றது. தாங்களாகப் பதில் தராத வீடுகளுக்கு மே மத்தியில் தொடங்கி ஜூலை இறுதிக்குள் போய்விடுவதாகத் திட்டம். பெரும்பாலான இடங்களில் ஆகஸ்டில்தான் போக முடிந்தது. நீதிமன்ற வழக்குகளுக்கு நடுவே அக்டோபர் 15 அன்று வேலை நின்றது. தானாகப் பதில் வந்தது 67 சதவீத முகவரிகளிலிருந்து. மிச்சமிருந்த மூன்றில் ஒரு பங்கு வீடுகளிடம் நான்கு முதல் ஆறு மாதம் முந்தைய ஒரு நாளைப் பற்றிக் கேட்க வேண்டியதாயிற்று.

அங்கே என்ன பிசகும் என்று ஒரு வாசலில் நின்று பார்க்கலாம். ஏப்ரல் 1 அன்று தனியாக வாழ்ந்த முதியவர் ஒருவர் ஜூனில் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் வருபவர் பார்ப்பது பூட்டிய வீடு. 'அங்க யாரும் இல்லையே' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அன்றைய நிலவரப்படி அது பொய்யுமில்லை. 'காலி வீடு' என்று பதிவாகிறது. ஒரு மனிதரும் ஒரு குடும்பமும் கணக்கிலிருந்து போயாயிற்று. இறப்புப் பதிவேட்டில் அவர் இருக்கிறார், மக்கள்தொகையில் இல்லை. ஆக, முதியோர் இறப்பு விகிதத்தின் தொகுதியில் (மேல் எண்ணில்) இருப்பவர் பகுதியில் (கீழ் எண்ணில்) இல்லை. எந்த விகிதத்தைத் துல்லியமாக அறிய வேண்டுமோ அதிலேயே கை வைக்கும் பிழை இது. எதிர்த்திசையிலும் நடக்கும். மேயில் பிறந்த குழந்தையைச் சேர்த்து 'நாங்க அஞ்சு பேர்' என்பார்கள். ஜூலையில் குடிவந்தவர் பழைய முகவரியில் இணையம் வழியாக ஒருமுறை பதிந்திருப்பார். புது வீட்டில் நேரில் இன்னொருமுறை பதிவார்.

இதற்கு மாற்று, கணக்கெடுப்பாளர் பயன்படுத்தும் செயலியின் முதல் திரையில் இருக்கிறது. 'வீட்டில் எத்தனை பேர்?' என்று தொடங்கவே கூடாது. 'குறிப்பு நாள் இரவில் இந்த வீட்டில் குடியிருந்தது யார்?' என்பது முதல் கேள்வி. பெயர் பெயராக வாங்கிய பிறகு, 'அவர்களில் இப்போது இங்கே இல்லாதவர் உண்டா?' என்பது இரண்டாவது. பிறந்த தேதி குறிப்பு நாளுக்குப் பிந்தியதாக இருந்தால் செயலியே மறுக்க வேண்டும். காலி வீடு என்று குறிக்குமுன் அண்டை வீட்டாரிடம் 'இப்போது காலியா?', 'அன்றைக்கும் காலியா?' என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும். வெறும் தேதியைச் சொன்னால் எவருக்கும் நினைவு வராது. பள்ளிகள் மூடிய வாரம், முதல் ஊரடங்கு அறிவித்த நாள் என்று அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைப் பிடிமானமாகக் கொடுங்கள்.

இதெல்லாம் ஒட்டுப்போடுவதுதான். எங்கள் கருத்து இது: குறிப்பு நாளிலிருந்து சுமார் மூன்று மாதத்துக்குள் கடைசிக் கதவைத் தட்டிவிட முடியாது என்று தெரிந்தால், குறிப்பு நேரத்தையும் சேர்த்தே தள்ளுங்கள். அரைகுறையாக அல்ல, ஓராண்டு முழுதாக. ஸ்காட்லாந்து 2021 மார்ச் 21ஐ 2022 மார்ச் 20ஆக மாற்றியது. ஜெர்மனி 2021 மே 16ஐ 2022 மே 15ஆக மாற்றியது. அயர்லாந்து 2021 ஏப்ரல் 18லிருந்து 2022 ஏப்ரல் 3க்குப் போனது. ஆறு தேதிகளும் ஞாயிற்றுக்கிழமை என்பதைக் கவனித்தீர்களா? அதே பருவம், அதே கிழமை. மாணவர் விடுதியில் இருப்பாரா, பருவ வேலைக்காரர் ஊரில் இருப்பாரா, மக்கள் பயணத்தில் இருப்பார்களா என்பதெல்லாம் பருவத்தோடு ஒட்டியவை. ஆறு மாதம் தள்ளினால் முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிடும்போது எது உண்மையான இடப்பெயர்வு, எது பருவம் என்று பிரிக்க முடியாமல் திண்டாட நேரும்.

தள்ளிவைப்பதற்கும் விலை உண்டு. அதை மறைத்துவிட்டு இதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. இங்கிலாந்தும் வேல்ஸும் 2021 மார்ச்சிலேயே நடத்தி 97 சதவீத வீடுகளிலிருந்து பதில் வாங்கின. ஓராண்டு கழித்து ஸ்காட்லாந்து தனியாக நடத்தியபோது, இலக்கு 94 சதவீதம். மே தொடக்கத்தில் முடிந்திருக்க வேண்டிய நேரத்தில் கையில் இருந்தது 79 சதவீதம் அளவுதான். காலத்தை நீட்டித்தும் 90ஐத் தொடவில்லை. பிற அரசுத் துறைகளின் நிர்வாகப் பதிவேடுகளும், கணக்கெடுப்புக்குப் பின் மாதிரிப் பகுதிகளில் மறுபடி எண்ணிச் சரிபார்க்கும் பின்னாய்வும்தான் அந்தக் குழியை நிரப்பின. பிரேசிலின் பாடம் வேறு. 2020இலிருந்து 2021க்குத் தள்ளியது தொற்று. 2021இலிருந்து 2022க்குத் தள்ளியது பணம். பட்ஜெட்டில் அந்த ஒதுக்கீட்டை வெட்டிவிட்டார்கள். தேதியைத் தள்ளினால் பணமும் தானாகக் கூடவே வரும் என்று நம்பாதீர்கள். தள்ளிவைக்கும் ஆணையிலேயே நிதியையும் எழுதி வாங்குங்கள்.

தேதி குறிக்காத தள்ளிவைப்பு இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். இந்தியாவில் அடுத்த குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்ற அறிவிக்கை 2025 ஜூனில்தான் வந்தது. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே பதினாறு ஆண்டு. கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் பேர் வரை மானிய தானியம் என்று 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்தச் சதவீதம் எதன்மேல் என்றால், இன்னும் 2011இன் தலைக்கணக்கின்மேல். மாதிரி ஆய்வுகளுக்குக் கிராமங்களைத் தேர்ந்தெடுக்கும் அடிப்படைப் பட்டியலும் அதே பழையதுதான். அறிவிக்கையில் 'மறு உத்தரவு வரும்வரை' என்று எழுதுவதைவிட, பிறகு ஒருமுறை மாற்ற நேர்ந்தாலும் ஒரு தேதியை எழுதுவது மேல்.

காத்திருக்கும் காலத்தில் வீட்டுப் பட்டியல் பழசாகும். மொத்தத்தையும் திரும்ப எடுக்கப் பணம் கிடைக்காது. இருபது பிளாக்குக்கு (ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஒதுக்கும் சிறு பகுதி) ஒன்று வீதம் மாதிரி எடுத்து, தெருத்தெருவாக நடந்து பட்டியலோடு ஒப்பிடுங்கள். புதுக் கட்டடம் எழுந்த, இடித்த, ஒரு வீடு இரண்டான முகவரிகள் எங்கே நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகிறதோ, அந்த வட்டாரத்தை மட்டும் முழுதாகத் திரும்ப எடுங்கள். நகரத்தின் விளிம்புகள்தான் பெரும்பாலும் மாட்டும். பெட்டியில் கிடக்கும் டேப்களையும் (கணக்கெடுப்பாளர்களின் டேப்லெட் கணினிகள்) மறந்துவிட வேண்டாம்: முழு சார்ஜிலோ வெறும் சார்ஜிலோ ஓராண்டு கிடந்தால் பேட்டரி கெடும், பாதிச் சார்ஜில் வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். செயலியின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி, முதல் நாள் காலையில் ஒரு டேப்பிலும் உள்நுழைய முடியாமல் போவது தவிர்க்கக்கூடிய அவமானம்.

இணையப் பதிவுக்கு வருவோம். தொற்று வந்ததும் எல்லோரும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், பிடித்துக்கொள்ளவும் வேண்டும். இந்தோனேசியா 2020 பிப்ரவரி 15 முதல் மார்ச் 31 வரை என்றிருந்த இணையப் பதிவை மே 29 வரை நீட்டித்தது. செப்டம்பரில்தான் வீடுகளுக்குப் போனது. ஆனால் இணையப் பதிவில் அடையாளம் எதன்மேல் நிற்கிறது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். கைபேசி எண்ணின்மேல் நிறுத்தினால், ஒரே எண்ணுக்கு ஓடிபி வாங்கி மூன்று குடும்பங்களுக்கு மகன் ஒருவரே பதிவார். இரண்டு எண் வைத்திருப்பவர் இரண்டு முறை பதிவார். இணையத்தில் பதிவதற்கான குறியீட்டை வீட்டுக்குத்தான் தர வேண்டும், ஆளுக்கு அல்ல. நேரில் போகும் கணக்கெடுப்பாளரின் டேப்பில் எந்த வீடு இணையத்தில் முடித்துவிட்டது என்பது தினமும் புதுப்பிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் பதிந்தவர் வீட்டையே மறுபடி தட்டுவார்கள். தொற்றுக் காலத்தில் ஒருமுறை வருவதையே விரும்பாதவரிடம் இரண்டாம் முறை போனால் என்ன கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வாசற்படி நேர்காணலில் யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று, முகக்கவசத்தோடு கேட்டால் சத்தமாகத்தான் கேட்க வேண்டும். பதிலும் சத்தமாக வரும். தெருவே கேட்கும்போது மாற்றுத்திறன், மறுமணம், இறந்துபோன குழந்தைகள், வாடகை பாக்கி பற்றி யார் உள்ளதைச் சொல்வார்கள்? 'இல்லை' என்ற பதில் கூடும். அட்டவணையில் அது குறைந்த மாற்றுத்திறன் விகிதமாகத் தெரியும், எவரும் சந்தேகப்பட மாட்டார்கள். இந்தக் கேள்விகளுக்கு எண்ணிட்ட விடையட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, 'எண்ணை மட்டும் சொல்லுங்கள்' என்பது போதும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் செவித்திறன் குறைந்தவர்களுக்கும் அதே அட்டை உதவும். பத்து நிமிடத்துக்கு மேல் போகும் படிவமாக இருந்தால், தாளை விட்டுவிட்டு வந்து மூன்றாம் நாள் வாங்குவதே மேல்.

அடுத்தது வழக்கமான இருப்பிடம். கல்லூரி மூடியதும் மாணவர் பெற்றோர் வீட்டுக்குப் போனார். வேலை போனவர் சொந்த ஊருக்குப் போனார். இவரை எங்கே எண்ணுவது? தொற்று இல்லாதிருந்தால் எங்கே இருந்திருப்பாரோ அந்தக் கல்லூரி முகவரியில்தான் மாணவர்களை எண்ண வேண்டும் என்று அமெரிக்கா சொன்னது. பெற்றோர் காதில் அது ஏறுவது கடினம். பிள்ளை கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது 'இங்கே இல்லை' என்று எழுத யாருக்கு மனம் வரும்? ஆகவே விதியைப் பொதுமக்கள் தலையில் வைக்காதீர்கள். இன்றைய முகவரி, தொற்றுக்கு முந்தைய முகவரி, திரும்பிப்போகும் எண்ணம் உண்டா என்று மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு, எங்கே எண்ணுவது என்பதை அலுவலகத்தில் ஒரே விதிப்படி முடிவு செய்யுங்கள். மருத்துவமனை, முதியோர் இல்லம், சிறை போன்றவற்றுக்கு உள்ளே போகவே வேண்டாம். குறிப்பு நாளின் பதிவேட்டை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். அதற்கான சட்ட அதிகாரம் இருக்கிறதா என்பதை இப்போதே பாருங்கள், தொற்று வந்த பிறகு அல்ல. வேலைக்குப் பயணம், கடந்த வாரம் செய்த வேலை ஆகிய கேள்விகளைப் பற்றி ஒன்றே ஒன்று: ஊரடங்கில் கேட்டால் வருவது ஊரடங்கின் பதில்; அதை வைத்துச் சாலை போடக் கூடாது என்று அட்டவணையின் தலைப்பிலேயே அச்சிடுங்கள்.

பின்னாய்வை வெட்டிப் பணம் மிச்சம் பிடிக்கலாம் என்ற யோசனை வரும். தென்னாப்பிரிக்காவின் 2022 கணக்கெடுப்பில் சுமார் 31 சதவீதம் பேர் விடுபட்டார்கள் என்று தெரியவந்தது பின்னாய்வால்தான். அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்கள் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள்) 4.99 சதவீதம் குறைவாகவும், ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் 1.64 சதவீதம் கூடுதலாகவும் எண்ணப்பட்டது தெரிந்ததும் அப்படியே. அதே வேளை, பின்னாய்வும் தாமதத்தால் கெடும். அதன் கணக்கு குளத்து மீனை எண்ணும் கணக்குதான்: முதல் முறை பிடித்துக் குறியிட்டு விட்டவற்றில் எத்தனை இரண்டாம் முறையும் சிக்குகிறது என்பதை வைத்து மொத்தத்தை மதிப்பிடுவது. ஒரு பகுதியில் கணக்கெடுப்பு 900 பேரைக் கண்டது, பின்னாய்வு 850 பேரைக் கண்டது, இரண்டிலும் இருப்பவர் 765 என்றால், உண்மைத் தொகை 900ஐ 850ஆல் பெருக்கி 765ஆல் வகுக்க 1000. இப்போது பின்னாய்வு எட்டு மாதம் தாமதம். வீடு மாறியதால் 45 பேரைப் பொருத்த முடியவில்லை. பொருந்தியவர் 720. அதே கணக்கு 1062 என்கிறது. இல்லாத அறுபத்திரண்டு பேர், நூற்றுக்கு ஆறு. இந்த ஊதிய எண்ணை வைத்துத் திருத்தினால் நோயைவிட மருந்து மோசம். எனவே கணக்கெடுப்பு முடிந்த ஆறு வாரத்துக்குள் பின்னாய்வு, வேறு ஆட்களைக் கொண்டு, குறிப்பு நாள் முகவரியைத் தனியாகக் கேட்டு. தொற்று மறுபடி எழுந்தால் மாதிரியின் அளவைக் குறையுங்கள், நாளைத் தள்ளாதீர்கள்.

ஆட்களுக்கு, பத்துக்கு இரண்டு பேராவது பயிற்சி முடித்த மாற்று ஆள் வேண்டும். ஒருவருக்குத் தொற்று என்றால் அவரோடு பயிற்சியில் உட்கார்ந்த அத்தனை பேரும் தனிமைக்குப் போவார்கள், அதனால் குழு இருபதைத் தாண்டக் கூடாது. விதிகளையும் செயலியையும் காணொளியில் சொல்லித்தரலாம். பிளாக்கின் எல்லையைத் தெருவில் நடந்து பார்ப்பதை மட்டும் நேரில்தான் கற்றுத்தர முடியும்.

எங்கள் கோரிக்கை இரண்டு. குறிப்பு நாளுக்குப் பன்னிரண்டு, ஆறு, மூன்று மாதம் முன்பு என்று மூன்று முடிவுத் தேதிகளை முன்கூட்டியே வெளியிடுங்கள்: எந்த நிலை வந்தால் நடத்துவோம், எந்த நிலை வந்தால் ஓராண்டு தள்ளுவோம் என்று. தாள் அச்சுக்குப் போனபின் எடுக்கும் முடிவு எதுவானாலும் நட்டம்தான். அடுத்து, வெளியிடும் தரவில் ஒவ்வொரு பதிவோடும் நான்கு குறிகள் இருக்கட்டும்: எந்த வழியில் வந்தது, குறிப்பு நாளுக்குப் பின் எத்தனையாவது நாள் வந்தது, வீட்டார் சொன்னதா அண்டை வீட்டார் சொன்னதா, அலுவலகத்தில் இட்டு நிரப்பியதா. பெயரும் முகவரியும் யாருக்கும் வேண்டாம். இந்த நான்கை மட்டும் பிளாக் அளவில் தொகுத்துக் கொடுத்தாலே, எந்த ஊரின் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று பயன்படுத்துபவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியில் இருக்கும் சிலர்