மொத்தமாக விற்காதே, வாத்து

அன்புள்ள வாத்துக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் நாலு பேர் வழியாகச் செய்தி வந்திருக்கும். எனக்கு முதுகு வலி அப்படியே இருக்கிறது. மகள் படிப்பை முடித்துவிட்டாள். மாஸ்டர் இன்னும் எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறார், ஆகவே அவருக்கும் ஆரோக்கியம்தான். குசலம் முடிந்தது.

இனி விஷயம். உன் ஓவியங்களை வாங்க வந்தவரைப் பற்றி நீ அனுப்பிய குரல் பதிவை மறுபடி மறுபடி கேட்டேன். “வந்தாரு, எல்லாத்தையும் பார்த்தாரு, எல்லாமே வேணும்னுட்டாரு” என்று நீ சொன்னபோது நானும் இங்கே குதித்தேன், சத்தியமாக. இத்தனை வருஷம் கேன்வாஸைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தவளுக்கு இது வர வேண்டியதுதான். அப்புறம், “சொந்தமா கேலரி வேற திறக்கப்போறாராம்” என்றாயே, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம். காபி எடுத்துக்கொண்டு உட்கார், நீளமாகப் போகும்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் லண்டன் கலைச் சேகரிப்பாளர் சார்லஸ் சாச்சி. முகத்தைச் சுளிக்காதே. அவர் காசில் கலைப்படைப்பாக வந்த அந்தச் செத்த சுறாவுக்காக நாம் ஒரு பருவம் முழுக்கப் பேசாமல் இருந்தது ஞாபகம் இருக்கிறது. “அது கலையில்லை, மீன்கடை” என்ற உன் கட்சிக்கு இப்போது நான் வரவில்லை. சுறாவை விடு, அதை வாங்கியவரைப் பார்.

பாக்தாதில் 1943-ல் பிறந்த யூதக் குடும்பத்துப் பையன், சிறு வயதிலேயே லண்டனுக்கு வந்துவிட்டார். 1970-ல் தம்பி மாரிஸோடு விளம்பர நிறுவனம் ஆரம்பித்தார். மார்கரெட் தாட்சர் முதல்முறை ஜெயித்த தேர்தலில் அவர் கட்சிக்காக வேலையில்லாதோர் வரிசையைப் போஸ்டராக ஒட்டியது இவர்கள்தான். ஒரு பொருளைப் பத்துப் பேர் பார்க்க வைத்தால் அதன் விலை என்ன ஆகும் என்பது அவருக்குத் தொழில்முறையில் அத்துப்படி. இதை மனதில் வைத்துக்கொள். பின்னால் நடந்ததெல்லாம் இதன் தொடர்ச்சி என்றே எனக்குத் தோன்றுகிறது.

1985-ல் வடக்கு லண்டனில் பவுண்டரி ரோட்டில் ஒரு பழைய பெயிண்ட் தொழிற்சாலையை வெள்ளையடித்துக் கேலரியாகத் திறந்தார். 30,000 சதுர அடி. முதல் கண்காட்சியில் டொனால்ட் ஜட், பிரைஸ் மார்டன், சை ட்வாம்ப்ளி, வார்ஹால். அமெரிக்கப் பெருந்தலைகள் இப்படி மொத்தமாக ஒரே கூரையின் கீழ் லண்டன் மாணவர்களுக்குக் கிடைத்தது பெரிய விஷயம். அந்த வெள்ளைச் சுவர்களைப் பார்த்துக் கிறுகிறுத்துப்போன கலைக்கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவர் டேமியன் ஹர்ஸ்ட். அவர் 1988-ல் துறைமுகப் பகுதியில் காலிக் கட்டடம் ஒன்றைப் பிடித்துச் சக மாணவர்களோடு ‘ஃப்ரீஸ்’ என்று ஒரு கண்காட்சி போட்டார். சாச்சி வந்து பார்த்தார். இரண்டு வருஷம் கழித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டுத்தலை, புழு, ஈ, அந்த ஈயைக் கொல்லும் மின்கருவி என்று ஹர்ஸ்ட் செய்து வைத்ததை வாங்கியவரும் அவர்தான். வேறு யார் வாங்குவார்கள், சொல்? நாமிருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியிருப்போம்.

அப்புறம் 1991-ல் சுறா. “என்ன வேண்டுமானாலும் செய், பணம் நான் தருகிறேன்” என்கிற தோரணையில் ஹர்ஸ்டுக்கு 50,000 பவுண்டு கொடுத்தார். ஆஸ்திரேலியாவில் பிடித்த 14 அடிப் புலிச்சுறா, உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மால்டிஹைடு திரவத்தில் வந்து சேர்ந்தது. சிப்ஸ் இல்லாத மீனுக்கு இவ்வளவா என்று ஒரு பத்திரிகை கிண்டலாகத் தலைப்புப் போட்டது. 2004-ல் அதே சுறா ஓர் அமெரிக்கச் செல்வந்தருக்குக் கைமாறியபோது விலை பல மில்லியன் டாலர். அதற்குள் சுறா அழுக ஆரம்பித்திருந்தது. 2006-ல் வேறு சுறாவை வைத்தார்கள். (இதைப் பற்றியும் நாம் சண்டை போடலாம், வேறொரு நாள்.)

இதுவரை கேட்டால் நல்ல கதைதானே? ஒருவர் துணிந்து வாங்கினார், ஒரு தலைமுறை எழுந்து நின்றது. 1997-ல் அவருடைய சேகரிப்பு ‘சென்சேஷன்’ என்ற பெயரில் லண்டனின் ராயல் அகாதமி கலைக்கூடத்துக்கே போனது. அங்கே ஒரு படத்தின் மேல் மையும் முட்டையும் வீசினார்கள். 1999-ல் அது நியூயார்க் போனபோது, கிறிஸ் ஓஃபிலி யானைச்சாணத்தைச் சேர்த்து வரைந்த கன்னி மரியாவுக்காக நகர மேயர் அருங்காட்சியகத்தின் நிதியையே நிறுத்தப் பார்த்தார், நீதிமன்றம் விடவில்லை. இத்தனை கூச்சலுக்கும் நடுவே சாச்சி தன் கேலரித் திறப்பு விழாக்களுக்கே தலைகாட்ட மாட்டாராம். கூச்சம். அவர் வீட்டு விவகாரம்தான் உனக்கு முதலில் வேண்டும் என்று தெரியும், அதை நான் எழுதப்போவதில்லை.

இனி என் பயம். சாண்ட்ரோ சியா என்ற இத்தாலிய ஓவியர் பேரை நீ கேட்டிருக்கிறாயா? எண்பதுகளில் ஏறுமுகத்தில் இருந்தவர். சாச்சி அவர் படங்களை வாங்கினார், பிறகு இருந்தது அத்தனையையும் விற்றார். “சாச்சியே கைவிட்டுவிட்டார்” என்ற பேச்சு ஓடியது, சியாவின் மதிப்பு சரிந்தது. நான் வைத்திருந்ததே ஏழு படம்தான், அதையும் டீலர்களிடமே திருப்பிக் கொடுத்தேன் என்று சாச்சி பின்னால் சொன்னார். அதுவும் உண்மையாகவே இருக்கட்டும். வெறும் ஏழுக்கே இந்தக் கதி என்றால், உன் அத்தனை வருஷ வேலையும் ஒரே ஆள் கையில் இருந்தால்? அவர் நாளைக்கு வேறு எதையோ விரும்ப ஆரம்பித்தால்? விரும்பட்டும், அது அவர் உரிமை. அன்றைக்குச் சந்தைக்கு வந்து விழப்போவது உன் பேர்.

சாதாரணமாக ஒரு கேலரி என்ன செய்யும்? படங்களைத் தன்னிடம் வைத்து, இங்கே ஒன்று, அங்கே ஒன்று, முடிந்தால் ஒரு அருங்காட்சியகத்துக்கு ஒன்று என்று பிரித்து விற்கும். கமிஷன் பாதி வரைக்கும் போகும். நீ அதற்குத்தான் மூக்கால் அழுவாய். ஆனால் அந்த மெதுவான விற்பனைதான் விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. உன் ஆசாமியோ வாங்குகிறவரும் அவரே, மாட்டுகிறவரும் அவரே, நாளைக்கு விற்கிறவரும் அவரே. நடுவில் நீ எங்கே இருக்கிறாய்?

ட்ரேசி எமின் என்ற பிரிட்டிஷ் கலைஞர் தன் கசங்கிய கட்டிலையே படைப்பாக வைத்தாரே, அதை எடுத்துக்கொள். 2000-ல் சாச்சி 1,50,000 பவுண்டுக்கு வாங்கினார். 2010-ல் கேலரியையும் 200 படைப்புகளையும் நாட்டுக்கே கொடுக்கிறேன் என்று அறிவித்தபோது இந்தக் கட்டிலும் அதில் இருந்தது. அந்த ஏற்பாடு கைகூடவில்லை. 2014-ல் கட்டில் ஏலத்துக்குப் போய் 25 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. பிரிட்டனில் மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு தரும் சட்டம் 2006-லிருந்து இருக்கிறது, ஆனால் கட்டில் விற்ற அந்த வருஷம், எத்தனை கோடிக்கு விற்றாலும் 12,500 யூரோதான் உச்சவரம்பாக இருந்தது. ஹர்ஸ்ட் கதை இன்னும் வேடிக்கை. 2003-ல் அவர் தன் பழைய படைப்புகள் பலவற்றைச் சாச்சியிடமிருந்து விலைகொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவரிடம் காசு இருந்தது. உன்னிடமும் என்னிடமும்?

சரி, சாச்சியை வில்லனாக்கிவிட்டேன் என்று நினைக்காதே. விற்ற பணத்தில் அவர் அடுத்த இளைஞர்களைத்தான் வாங்கினார். 1998-ல் நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளை ஒரே ஏலத்தில் விற்று, அதில் கலை மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார். 2008-ல் லண்டனின் செல்சி பகுதியில் கேலரி திறந்தபோது நுழைவுக் கட்டணம் வைக்கவில்லை. 2010-ல் அங்கே இந்தியக் கலைஞர்களின் கண்காட்சி நடந்தது. தண்டி யாத்திரைக்கு முந்தைய நாள் காந்தி ஆற்றிய உரையை ஜிதிஷ் கல்லாட் எலும்பு வடிவத்தில் செய்த 4,000-க்கும் மேற்பட்ட எழுத்துகளில் அடுக்கியிருந்தாரே, அது அங்கேதான் இருந்தது. அதன் படத்தை இப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. சாச்சிக்குக் கண் இருந்தது, அதை நான் மறுக்கவே மாட்டேன். கண் இருப்பவரிடம்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும் என்கிறேன்.

ஆகவே வாத்து, அவரை விரட்டாதே. படங்களில் பாதியை விட அதிகம் கொடுக்காதே. நீலக் கதவு ஓவிய வரிசையை எந்த விலைக்கும் கொடுக்காதே, அது உன்னிடமே இருக்கட்டும். அவர் விற்பதானால் முதலில் உனக்குச் சொல்ல வேண்டும், நீ கண்காட்சி வைத்தால் படத்தை இரவல் தர வேண்டும், படத்தின் பதிப்புரிமை உன்னுடையது, இந்த மூன்றும் எழுத்தில் வரட்டும். நல்ல மனிதராக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தானே. ஒவ்வொரு படத்தையும் முன்னாலும் பின்னாலும் போட்டோ எடுத்து அளவோடு குறித்துவை. 2004-ல் லண்டனில் ஒரு கலைக்கிடங்கு எரிந்தபோது சாச்சி வாங்கி வைத்திருந்த எமினின் இன்னொரு படைப்பான கூடாரமும் சாம்பலாகிவிட்டது. யார் கிடங்கில் எது இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் உனக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மா மருந்துச் செலவைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை, அதிலிருந்தே புரிகிறது. அந்த அவசரத்துக்கு என்னிடம் கேள். வட்டியும் கிடையாது, சுறாவும் கிடையாது.

ஒப்பந்தத் தாள் வந்ததும் எனக்கு அனுப்பு, கையெழுத்துக்கு முன்னால். மாஸ்டரிடம் மட்டும் இப்போதைக்கு மூச்சு விடாதே, அவரே போய் விலை பேச ஆரம்பித்துவிடுவார்.

அன்புடன்,
கொசு